டிரில் மாஸ்டருக்கு எந்த ஊரு?

"அட்டென்ஷன்! ஸ்டாண்ட் அட் ஈஸ்! அட்டென்ஷன்! லெஃப்ட் டர்ன்!"

தமிழ்நாட்டுல எந்த ஊர் பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தாலும் இந்த வார்த்தைகளைக் கேட்டா கால் இன்னிக்கும் தானா அசையும். ஏ, பி, சி, டி முழுசா வர்றதுக்கு முன்னாடியே "அட்டேஏஏன்ஷன்" வந்துடும். 'ஸ்டாண்டட்டீஸ்'ங்கிறது ஒரே வார்த்தைன்னு நினைச்சிட்டே அஞ்சாவது பாஸ் பண்ணினவங்க ஊருக்கு நூறு பேர் இருப்பாங்க :-)

ஆறு வயசுப் பிள்ளைக்குப் பட்டாளத்துக் கட்டளை எதுக்கு? அது எப்போ, எந்த வழியா நம்ம ஒண்ணாங் கிளாஸுக்குள்ள வந்துச்சு? ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்ச கேள்வி. தேடிப் படிச்சதையெல்லாம் இங்கே கோர்த்து வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

தோத்தவங்க கண்டுபிடிச்சது

கதை ஐரோப்பாவுல ஆரம்பிக்குது. 1806-ல யேனாங்கிற இடத்துல நெப்போலியன்கிட்ட பிரஷ்யா செம அடி வாங்குச்சு. பெர்லினுக்குள்ளேயே பிரெஞ்சுப் படை வந்து உட்கார்ந்துக்கிச்சு. அந்த அவமானத்துல வெந்துபோனவர் ஃப்ரீட்ரிக் லூட்விக் யான்னு ஒரு வாத்தியார். 1811-ல பெர்லினுக்கு வெளியே ஹாஸன்ஹைடேங்கிற இடத்துல பையன்களுக்குத் திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் அமைச்சார். பாரலல் பார், ஹாரிசாண்டல் பார் எல்லாம் இவர் களத்துலேர்ந்து பரவினதுதான். பையன்களோட உடம்பைத் தேத்தினா நாட்டை மீட்டுடலாம்ங்கிறது அவர் கணக்கு.

நெப்போலியன் போன பிறகு, இப்படி இளவட்டங்கள் கூட்டம் கூட்டமா சேர்றதைப் பார்த்து பிரஷ்ய அரசாங்கத்துக்கே வயித்தைக் கலக்குச்சு. 1819-ல யானைப் பிடிச்சு உள்ளே போட்டுட்டாங்க. (யான் என்கிறவரைன்னு படிக்கவும். மிருகம் இல்லை!) 1820-ல களங்களையும் இழுத்து மூடினாங்க. அந்தத் தடை விலக 1842 ஆச்சு.

பக்கத்துல ஸ்வீடனிலும் இதே கதைதான். 1809-ல அவங்க ஃபின்லாந்தை ரஷ்யாகிட்ட பறிகொடுத்தாங்க. 1813-ல பெர் ஹென்ரிக் லிங் என்பவர் ஸ்டாக்ஹோம்ல அரசு ஆதரவோட உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான மையக் கல்லூரியை ஆரம்பிச்சார். யான் வழியில கருவிகள் நிறைய. லிங் வழியில வாத்தியார் கட்டளை கொடுப்பார், எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே அசைவைச் செய்வாங்க. கையைத் தூக்கு, பக்கவாட்டில் நீட்டு, இறக்கு. 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்'னு நாம பண்ணினோமே, அதோட கொள்ளுத்தாத்தா இதுதான்.

இந்த ரெண்டு பேருக்கும் முன்னாடி ஜெர்மனியில குட்ஸ்மூத்ஸ்னு ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1793-ல இளைஞர்களுக்கான உடற்பயிற்சி பத்தி ஒரு புத்தகம், 1796-ல விளையாட்டுகளைத் தொகுத்து இன்னொரு புத்தகம் எழுதினார். விளையாட்டே ஒரு கல்விதான்னு சொன்ன மனுஷர். ஆனா அரசாங்கங்கள் பள்ளிக்கூடத்துக்குன்னு தேடி எடுத்துக்கிட்டது அந்த ரெண்டாவது புத்தகத்தை இல்லை. வரிசையில நிக்க வைக்கிற சங்கதியைத்தான்.

மைலுக்கு ஒரு பென்னி

இப்போ இங்கிலாந்துக்கு வருவோம். நமக்கு எல்லாமே அங்கேயிருந்துதானே கப்பல் ஏறி வந்துச்சு!

1870-ல ஆரம்பக் கல்விச் சட்டம் வருது. லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குள்ள வர்றாங்க. இவங்களை அடக்கி உட்கார வைக்கிறதே பெரும்பாடு. 1871-ல ஒரு விதி போட்டாங்க: தகுதியான பயிற்சியாளர்கிட்ட டிரில் பழகினா அதையும் பள்ளி வருகையா கணக்கு வச்சுக்கலாம். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், வருஷத்துக்கு இருபது வாரம் வரைக்கும். சொல்லிக்கொடுக்க யார் வருவா? ராணுவத்து சார்ஜெண்ட்தான். நாளுக்கு ஆறு பென்ஸ் கூலி, நடந்து வர்றதுக்கு மைலுக்கு ஒரு பென்னி. டிரில் மாஸ்டரோட சொந்த ஊர் இதுதான் சாமி!

கவனிங்க, இது ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும். பொண்ணுங்க பக்கம் கதவைத் திறந்தது ஸ்வீடன்லேர்ந்து வந்த ஒரு அம்மா. பேரு மார்ட்டினா பெர்க்மன், கல்யாணத்துக்கு அப்புறம் ஆஸ்டர்பெர்க். 1881-ல லண்டன் பள்ளி வாரியம் இவங்களை வேலைக்கு எடுத்துச்சு. லிங் முறையை நூத்துக்கணக்கான ஆசிரியைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகள்ல நுழைச்சாங்க. அப்புறம் 1885-ல பெண்களுக்குன்னே தனியா ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கினாங்க. ஸ்வீடிஷ் டிரில் இவ்வளவு சீக்கிரம் பரவினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மைதானம் வேண்டாம், கருவி வேண்டாம், பெஞ்சுக்கு நடுவுல நின்னே பண்ணிடலாம். ஏழைப் பள்ளிக்கூடத்துக்கு இதைவிட மலிவா ஒரு பாடம் கிடைக்குமா?

1899-ல போயர் யுத்தம் வந்துச்சு. படையில சேர வந்த நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பையன்களைப் பார்த்து டாக்டருங்க உதட்டைப் பிதுக்கினாங்க. பல்லு சொத்தை, நெஞ்சு குறுகல், உயரம் போதாது. சாம்ராஜ்யத்துக்கே ஜுரம் வந்த மாதிரி ஆயிடுச்சு. உடனே என்ன பண்ணினாங்க? 1902-ல ராணுவப் பயிற்சியைச் சுருக்கின மாதிரி ஒரு பாடத்திட்டம் போட்டு, இதைப் பிள்ளைகளுக்கு நடத்துங்கன்னு பள்ளிகளுக்கு அனுப்பிட்டாங்க. அதைத் தயாரிச்ச கர்னல் ஃபாக்ஸ், ராணுவ உடற்பயிற்சித் துறையிலேர்ந்து வந்தவர். வயசு வித்தியாசம் இல்லை, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பட்டாளத்துக்கு என்னவோ அதுவே ஏழு வயசுக்கும். ஏகப்பட்ட கண்டனம் வந்து, 1904-லேயே வேற பாடத்திட்டம் கொண்டு வந்தாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான். அதே 1904-ல மக்களோட உடல்நலச் சரிவை ஆராய்ஞ்ச ஒரு குழு அறிக்கை கொடுத்துச்சு. அதோட சாரத்தை நம்ம பாஷையில சொன்னா: பசிக்கிற பிள்ளையைக் கையைத் தூக்கு, காலைத் தூக்குன்னா என்னய்யா பிரயோஜனம்? 1906-ல பள்ளியில சாப்பாடு போட அனுமதிச்சுச் சட்டம் வந்துச்சு. 1907-ல பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை. அதுக்கு அப்புறம்தான் 1909-ல கல்வி வாரியத்தோட மருத்துவப் பிரிவு மேற்பார்வையில உடற்பயிற்சிக்குப் புதுப் பாடத்திட்டம். அதாவது முதல்ல சோறு, அடுத்து டாக்டர், அப்புறம் டிரில்.

1919-ல முதல் உலகப்போரும் விஷக்காய்ச்சலும் முடிஞ்ச கையோட இன்னொரு திருத்தம் செஞ்சாங்க. ஏழு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குன்னு தனியா விளையாட்டுகள் சேர்த்தாங்க. பெரிய பிள்ளைகளுக்கும் பீரியட்ல பாதி நேரமாவது ஆட்டமும் ஓட்டமுமா இருக்கணும்னு சொன்னாங்க. 1933-ல இன்னொரு பாடத்திட்டம். 1952-ல வந்த கையேடோ கட்டளையையே ஓரங்கட்டிடுச்சு. "கையைத் தூக்கு"ன்னு சொல்றதுக்குப் பதிலா "இந்த பெஞ்சை எத்தனை விதமா தாண்டலாம், காட்டு பார்க்கலாம்"னு பிள்ளைகிட்ட கேட்கிற பாணி. சார்ஜெண்ட்லேர்ந்து இந்தக் கேள்விக்கு வந்து சேர அவங்களுக்கே எண்பது வருஷம் ஆச்சு.

கர்லாக்கட்டை போன ஊர்வலம்

நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு?

திண்ணைப் பள்ளியில விளையாட்டு பீரியட் கிடையாது. உடம்பு வளர்க்கிற வேலை சிலம்பக்கூடத்துலயும் மல்யுத்தக் களத்துலயும் நடந்துச்சு. அங்கே யாரைச் சேர்ப்பாங்க, யாரைச் சேர்க்க மாட்டாங்கங்கிறது சாதியைப் பொறுத்தும் இருந்துச்சு, அதையும் மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைங்க கிட்டிப்புள், பச்சைக்குதிரை, பாண்டி, கோலின்னு தெருவுல தானா வளர்ந்தாங்க.

1882-ல ஹண்டர் தலைமையில கல்விக் குழு ஒண்ணு அமைச்சாங்க. ஆரம்பப் பள்ளிகள்ல உடல் வளர்ச்சிக்கு வழி பண்ணணும்னு அது பரிந்துரைச்சப்போ போட்ட பட்டியல்ல முதல்ல வர்றது உள்நாட்டு விளையாட்டுகள்! அதுக்குப் பின்னாடிதான் ஜிம்னாஸ்டிக்ஸ், பள்ளி டிரில் எல்லாம். படிச்சப்போ எனக்கே ஆச்சரியம். ஆனா நடைமுறைக்கு வந்தது பட்டியலோட கடைசிப் பகுதிதான். பென்ஷன் வாங்கின ஹவில்தார் ஐயா விசிலோட வந்து சேர்ந்தார். விறைப்பா நிக்கத் தெரிஞ்சா போதும், வாத்தியார் வேலைக்குத் தகுதி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம பயில்வான்கள் சுத்துற கர்லாக்கட்டையை 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலேயே இங்கேயிருந்த பிரிட்டிஷ் ராணுவக்காரங்க பார்த்து அசந்துபோய்ப் பழகி, ஊருக்குக் கொண்டு போனாங்க. 1834-ல லண்டன்ல டொனால்ட் வாக்கர் எழுதின உடற்பயிற்சிப் புத்தகத்துல அதுக்கு இடம் கிடைச்சிடுச்சு. 1866-ல நியூயார்க்ல 'இண்டியன் கிளப்'புக்குன்னே தனிப் புத்தகம் போட்டாங்க. 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல அது ஒரு போட்டியாவே இருந்துச்சு! கனமான கட்டை இளைச்சு, பாட்டில் மாதிரி ஆகி, 'இண்டியன் கிளப் டிரில்'ங்கிற பேர்ல நம்ம பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தது. மர டம்பெல்ஸும் பக்கத்துல சேர்ந்துக்கிச்சு. நம்ம வீட்டுப் பொண்ணு கவுன் மாட்டிக்கிட்டு வந்து "ஹலோ"ன்னு சொன்ன மாதிரி. பக்கத்து வீட்டு சிலம்ப வாத்தியார் மட்டும் பள்ளிக்கூடத்து வாசல்லயே நின்னார்.

1920, மதராஸ்

ஹவில்தாரை ஓரமா உட்கார வச்சவர்னு ஒருத்தரைச் சொல்லணும்னா அது ஹாரி க்ரோ பக். அமெரிக்காக்காரர், ஒய்.எம்.சி.ஏ. மூலமா மதராஸ் வந்தவர். 1920-ல இங்கே உடற்கல்விக்குன்னு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இன்னிக்கு நந்தனத்துல இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறதுக்கும் ஒரு படிப்பு வேணும், உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிருக்கணும், வெறும் மீசையும் குரலும் போதாதுன்னு இந்த நாட்டுல நிலைநாட்டின இடம். 1924 பாரீஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் இவர்தான். 1943-ல இறந்தார். இவர் எழுதின விளையாட்டு விதிகள் புத்தகம் ரொம்ப காலம் பி.டி. மாஸ்டர்களோட வேதப்புத்தகம்.

பாஸ்கெட்பால் 1891-லயும் வாலிபால் 1895-லயும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. கூடங்கள்ல, குளிர்காலத்துல உள்ளே ஆடுறதுக்குன்னு பிறந்த ஆட்டங்கள். அந்த வாலிபால் இன்னிக்கு நம்ம கிராமத்துக் கோயில் திடல்ல கொளுத்துற வெயில்ல ஆடுற ஆட்டம். அந்தப் பயணத்துல ஒய்.எம்.சி.ஏ. ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொண்ணும் கவனிங்க. அதே 1920-ல, அதே ஊர்ல, தியாகராய செட்டியார் தலைமையில இருந்த மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில பிள்ளைகளுக்கு மதிய உணவு போட முடிவெடுத்துச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. உடற்கல்வியும் மதிய உணவும் ஒரே வருஷம், ஒரே ஊர். ஆனா ரெண்டும் சந்திச்சுக்கவே இல்லை. உணவுத் திட்டம் 1925-லேயே நின்னுபோச்சு. அப்புறம் 1956-ல காமராஜர், 1982-ல எம்.ஜி.ஆர்., 2022-ல காலை உணவுன்னு நாம சோத்துக் கணக்கை நேர் பண்ண நூறு வருஷம் ஆச்சு. பிரேயர்ல வெறும் வயித்தோட நின்னு மயங்கி விழுற பிள்ளையைப் பார்த்தவங்களுக்கு இந்தக் காலை இட்லி-பொங்கலோட மதிப்பு தெரியும். 1904-ல லண்டன்ல எழுதி வச்ச பாடம்தான் இது.

சரி, பக் தயார் பண்ணின ஆசிரியர்கள் எங்கே போனாங்க? பெரும்பாலும் ஹைஸ்கூலுக்கும் காலேஜுக்கும். அங்கேதான் போஸ்ட் இருந்துச்சு, மைதானம் இருந்துச்சு, ஜெயிச்சா கோப்பையும் இருந்துச்சு. ஒண்ணாங் கிளாஸுக்கு எந்தக் கோப்பை? அங்கே 'அட்டென்ஷன்' அப்படியே தங்கிடுச்சு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில ஒரு பாடமா கொஞ்சம் படிச்சுட்டு வந்த வகுப்பு டீச்சரே தமிழ், கணக்கு, பாட்டு, டிரில் எல்லாத்தையும் நடத்திக்கணும்.

மறுபடியும் பயம், மறுபடியும் டிரில்

சுதந்திரத்துக்கு அப்புறமும் சக்கரம் அதே தடத்துலதான் சுத்துச்சு. 1954-ல தேசிய ஒழுங்குத் திட்டம்னு ஒண்ணு. ஆரம்பிச்சவர் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல தளபதியா இருந்த போன்ஸ்லே. பிரிவினையில வீடு வாசல் இழந்து வந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கினது, பிறகு நிறைய பள்ளிகளுக்குப் பரவுச்சு. 1962-ல சீனாகிட்ட அடி வாங்கினோம். 1963-ல கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆச்சு. 1965-ல பழைய திட்டங்களையெல்லாம் ஒண்ணாக் கூட்டி பள்ளிகளுக்கு தேசிய உடல் தகுதிப் படைன்னு புதுப் பேர் வச்சாங்க.

யேனா, ஃபின்லாந்து, போயர் யுத்தம், சீன யுத்தம். நாட்டுக்குப் பயம் வர்றப்போ எல்லாம் பிள்ளைகளை வரிசையில நிறுத்தியிருக்காங்க. பயம் தெளிஞ்சதும் மறந்துட்டாங்க. நம்ம ஊர்ல அந்தக் கட்டளை எந்த பாஷையில இருக்கணும்ங்கிறதுக்குக்கூட பெரிய சண்டை நடந்திருக்கு. 1968 ஜனவரியில தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேத்தின தீர்மானத்துல மும்மொழித் திட்டம் வேண்டாம்ங்கிறதோட, என்.சி.சி.யில இந்திக் கட்டளைகள் கூடாதுங்கிறதும் சேர்த்தி. சண்டை நியாயமானதுதான். ஆனா சின்னப் பிள்ளைக்குக் கட்டளையே எதுக்குன்னு அன்னிக்கு யாரும் கேட்டதா நான் படிக்கலை.

ஒண்ணாங் கிளாஸுக்கு யாரு?

2009-ல கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்துச்சு. அதோட அட்டவணையை ஒரு தடவை பொறுமையா படிச்சுப் பாருங்க. ஆறாம் வகுப்புலேர்ந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் நூறு பிள்ளைகளுக்கு மேல இருந்தா ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர்கள் வேணும்னு இருக்கு. தமிழ்நாட்டுல 2012-ல 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாசம் 5,000 ரூபாய்ச் சம்பளத்துல எடுத்தது இந்தக் கணக்குலதான். (அவங்களோட நிரந்தர வேலைப் போராட்டம் தனிப் பதிவா எழுத வேண்டியது.)

ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்? பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேணும்னு இருக்கு, வகுப்புக்குத் தேவையான விளையாட்டுப் பொருள் கொடுக்கணும்னு இருக்கு. விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்னு ஒரு வரி இல்லை. பந்து இருக்கு, கயிறு இருக்கு, டென்னிகாய்ட் வளையம் இருக்கு, பீரோவுல பத்திரமா இருக்கு!

ஓடுறது, தாண்டுறது, எறியறது, பிடிக்கிறது, ஒத்தைக்கால்ல நிக்கிறது, இதெல்லாம் உடம்புல படியற வயசு அந்த அஞ்சுலேர்ந்து பத்து. அப்போ பந்து பிடிக்கப் பழகாத பிள்ளை, ஆறாவதுல பி.டி. மாஸ்டர் வந்து டீம் பிரிக்கிறப்போ ஓரமா போய் உட்கார்ந்துடும். அதுக்கு அப்புறம் வாழ்நாள் முழுக்க 'எனக்கு விளையாட்டு வராது'ங்கிற பட்டியல்லதான் இருக்கும். அந்தப் பட்டியல்ல பொண்ணுங்க எத்தனை பேர்னு உங்க வீட்டுலயே கேட்டுப் பாருங்க.

எனக்குத் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தங்க ஈராசிரியர் பள்ளியில வேலை பார்க்கிறாங்க. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேர். 'குளம் கரை' தெரியும்ல? சாக்பீஸ்ல ஒரு வட்டம், 'குளம்'னா உள்ளே குதிக்கணும், 'கரை'ன்னா வெளியே. தப்பாக் குதிச்சா அவுட். அவங்க அதுல சின்னதா ஒரு மாத்தம் பண்ணியிருக்காங்க. அவுட் ஆன பிள்ளை உட்காராது. பக்கத்துல இன்னொரு வட்டம் இருக்கும், அங்கே போய் ஆட்டத்தைத் தொடரும். "அவுட் ஆகுறது யாருங்க? ஆடத் தெரியாத பிள்ளைதான். அதுக்குத்தானே நிறைய ஆட்டம் வேணும்? அதைப் போய் உட்கார வச்சா எப்படி?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை. குட்ஸ்மூத்ஸையோ லிங்கையோ அவங்க படிச்சதில்லை.

யோசிச்சுப் பார்த்தா 'அட்டென்ஷன்'ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே கவனம்தான். காதைத் தீட்டி வச்சுக்கிட்டு 'கு'ன்னு சொல்றாங்களா 'க'ன்னு சொல்றாங்களான்னு காத்திருக்கிற பிள்ளைகிட்ட இருக்கிற கவனம், விறைச்சு நிக்கிற பிள்ளைகிட்ட இருக்குமா? ஹண்டர் குழு முதல் இடத்துல எழுதி வச்சது இந்த மாதிரி ஆட்டத்தைத்தானே?

தொடக்கப் பள்ளிக்கெல்லாம் தனியா விளையாட்டு ஆசிரியர் போடுறது அரசாங்கத்தோட வேலை. ஊருக்கு ஒருத்தர் முடியலைன்னா நாலஞ்சு பள்ளிக்குச் சேர்த்து ஒருத்தரைப் போட்டாலும் போதும். அது வர்ற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு செய்யலாம். டைம்டேபிள்ல இருக்கிற அந்த விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காம இருக்கணும். அப்படி வாங்கினா பெத்தவங்க போய்க் கேட்கணும். மார்க் குறைஞ்சா ஓடிப்போய்க் கேட்கிறோம், இதைக் கேட்கிறோமா?

உங்க பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் டிரில் யார் எடுத்தா, என்ன ஆட்டம் ஆடினீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. குறிப்பா குளம் கரை மாதிரி சாக்பீஸ் ஒண்ணு மட்டும் போதும்ங்கிற ஆட்டங்கள். எல்லாத்தையும் தொகுத்து அந்த டீச்சருக்கு அனுப்பி வைக்கிறதா சொல்லியிருக்கேன்.